தன்னைப் பற்றி ஒரு பக்கம்

போன வாரம் நித்யா போன் பண்ணினாள். இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மனநல ஆலோசனை மையத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். நல்ல பிள்ளைதான். எதையும் மூச்சு விடாமல் சொல்லுவாள்.

"மேடம், மையத்துக்கு சாப்ட்வேர் வாங்கியாச்சு. ஒருத்தர் தன்னப் பத்தி எழுதுன பக்கத்த போட்டோ எடுத்து உள்ள விட்டாப் போதும், தன்மதிப்பு எம்புட்டுன்னு நம்பர் வந்துருது. அந்தக் காலத்துல நீங்க எப்படிப் பாத்தீகன்னு ஒரு குறிப்பு எழுதித் தாரீகளா? சுருக்கமா இருந்தாப் போதும்."

அந்தக் காலமாம். நான் ரிட்டையர் ஆகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகப் படித்த பக்கங்களைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டுமாம். எரிச்சலோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். எரிச்சல் நித்யா மேல் மட்டும் இல்லை. அவளுக்கு முன்னாலேயே வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

நான் மதுரையில் சைக்காலஜி படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, எனக்கென்று வேலையை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. பைத்தியத்துக்குப் படித்தவள் என்று சொல்லி இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சே நின்றது. ஸ்பின்னிங் மில் ஒன்றில் கொஞ்ச காலம் டைப் அடித்தேன். பிறகு டாக்டர் ஞானசேகரன் மையத்தை ஆரம்பித்து என்னைக் கூப்பிட்டார். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அது தெரியாமல் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். என்னை எல்லோரும் டீச்சரம்மா என்றார்கள். ஒரு நாள்கூட நான் பாடம் நடத்தியதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

டாக்டர் ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டை, பிளாஸ்கில் வெந்நீர், கூராகச் சீவிய பென்சில். குரலை உயர்த்தவே மாட்டார். சத்தம் போடுகிற அதிகாரியோடு பதிலுக்குச் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாம். இவரோடு அதற்கு வழியே கிடையாது. நாம் தொண்டை கிழியப் பேசி முடித்த பிறகு, ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, "தாள்ல இருக்கா கிரேஸ்?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அவருடைய முறையை நித்யாவுக்காக எழுதிவிடுகிறேன். வந்தவருக்கு ஒரு வெள்ளைத்தாள். மேலே பெயர் எழுத வேண்டும். அதற்குக் கீழே ஒரே கேள்வி: நீங்கள் எப்படிப்பட்டவர், உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அதற்குமேல் நாம் வாயைத் திறக்கக் கூடாது. என்னத்தை எழுத என்று கேட்டால், "உங்களுக்குத் தோணுறத" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதும்போது நாம் அறையில் இருக்கக் கூடாது. "பாக்குற ஆள் பக்கத்துல இருந்தா, அந்த ஆளுக்காக எழுதிருவாங்க" என்பது டாக்டரின் கட்சி.

தாள்கள் வந்ததும் பெயர் இருக்கிற பகுதியை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, நம்பர் போட்டுவிடுவோம். நானும் அழகர்சாமி என்கிற இன்னொரு ஊழியரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து, எழுதியதைச் செய்தி செய்தியாகக் கோடு போட்டுப் பிரிப்போம். எனக்கு இரண்டு தங்கைகள் என்றால் அதற்கு சைபர். பத்துப் பேருக்கு ஒத்தை ஆளாகச் சமைத்துவிடுவேன் என்றால் பிளஸ். எனக்கு எதுவும் சரியாக வராது என்றால் மைனஸ். பிளஸ்ஸிலிருந்து மைனஸைக் கழித்து, மொத்தச் செய்திகளால் வகுத்தால் வருவதுதான் அந்த ஆள் தன்மேல் வைத்திருக்கிற மதிப்பு. என் மார்க்கும் அழகர்சாமி மார்க்கும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டு பேரும் டாக்டர் முன்னால் போய் வாதாட வேண்டும்.

வாதாட்டம் என்றால் சாதாரண வாதாட்டம் இல்லை. ஒரு பெண், நான் பயந்த சுபாவம் உள்ளவள் என்று எழுதியிருந்தாள். அழகர்சாமி மைனஸ் போட்டிருந்தார். நான் சைபர் போட்டிருந்தேன்.

"சார், நம்ம ஊர்ல பொண்ணு பாக்க வரும்போது இதத்தான் மொதல்ல சொல்லுவாக. பொண்ணு பயந்த சுபாவம்னு. பெருமையாச் சொல்றது அது" என்றேன்.

"பெருமையா எழுதியிருக்கேன்னு தாள்ல இருக்கா?"

இல்லை. மைனஸ் மைனஸாகவே நின்றது.

இதில் எழுதுகிறவர்கள் பண்ணுகிற கூத்து தனி. தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் அப்பாவின் ஊரிலிருந்து ஆரம்பித்து, தாய்மாமன் என்ன வேலை பார்க்கிறார் என்பதில் முடித்துவிடுவார்கள். நடுவில் ஆளைத் தேடத் தேடக் கிடைக்காது. ஒரு மில் கிளார்க் தன் உயரம், எடை, இரத்த வகை எல்லாம் எழுதிக் கீழே இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள என்று முடித்திருந்தார். காலேஜ் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகள், இன்டர்வியூவுக்கு மனப்பாடம் பண்ணியதை அப்படியே கக்கிவைப்பார்கள். அத்தனை பேரும் கடின உழைப்பாளிகள். அத்தனை பேரும் எல்லோரையும் அனுசரித்துப் போகிறவர்கள். வரிசைகூட மாறாது. அவர்களுக்கெல்லாம் பிளஸ் போட்டுப் போட்டு என் கை ஓய்ந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லத் தன்னார்வலர்களை எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் எழுதியிருந்தது இது: அடியேன் ஒன்றுக்கும் பற்றாதவன். குணமென்று சொல்ல ஏதுமில்லாதவன். பெரியோர்கள் திருவடி விசேஷத்தால் ஏதோ ஜீவிக்கிறேன். வரிக்கு வரி மைனஸ். அவ்வளவு குறைந்த மார்க்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மனுசன் பாவம், எந்த நிமிடம் என்ன பண்ணிக்கொள்வாரோ என்று பதறிப்போய் வெளியே வந்தால், அவர் வராந்தாவில் நின்று எங்கள் அட்டெண்டரை வறுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆடுற பெஞ்சிலயா என்னை உட்காரச் சொல்றே? என்னை யாருன்னு நினைச்சே?"

அந்த மாதிரி வைணவ வீட்டு வழக்கத்தில் தன்னைத் தாழ்த்திச் சொல்வதுதான் மரியாதை. எழுத உட்கார்ந்தால் கை தானாக அப்படித்தான் போகும். தன்னைப் பற்றி அவருக்கு இருக்கிற நினைப்பு வேறு, அது கோபுர உயரம். நான் இதைச் சொன்னபோதும் டாக்டர் தாள்ல இருக்கா என்றுதான் கேட்டார். ஆனால் மறுநாள் காலையில் விதிகளில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்: வழக்கமான பணிவுச் சொற்களுக்கு சைபர். டாக்டர் முட்டாள் இல்லை. அதனால்தான் அவர் மேல் எரிச்சல் இன்னும் அதிகம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற கம்பெனி ஒன்று. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற சரக்கு, வெளிநாட்டுக்கும் போகும். அனுப்புவதற்கு முன்னால் செக்கிங் செக்‌ஷனில் பெண்கள் நின்று, கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் துணியை ஓட விட்டு, இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் மேனேஜர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு, ஒரு பெரிய சரக்கு திரும்பி வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடிய முதலாளி, ஏதோ பயிற்சி வகுப்பில் தன்மதிப்பு என்ற சொல்லைக் கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

"செக்கிங்ல இருக்கிற பொம்பளப் பிள்ளைக எல்லாம் நல்ல வேலைகாரிகதான் சார். ஆனா என் மூஞ்சிக்கு நேரா, 'இது போகாது முதலாளி'ன்னு சொல்ற ஒரு ஆளு வேணும். அத அளந்து சொல்லுங்க" என்றார்.

டாக்டருக்குச் சந்தோஷம். இதற்குத்தானே அவருடைய முறை இருக்கிறது.

எழுத வைக்கிற நாளன்று நான் கம்பெனி கேன்டீனுக்குப் போனேன். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ரெங்கநாயகி. அவள் புருஷனின் குடும்பம் ஆண்டாள் கோயிலில் தலைமுறையாகத் தீவட்டி பிடிக்கிற குடும்பம். புருஷன் லாரி ஓட்டுகிறார்.

"டீச்சரம்மா, சூப்பர்வைசருக்கு நைட் ஷிப்ட் கெடையாதுல்ல?"

"கிடையாது. ஜெனரல் ஷிப்ட் மட்டும்தான். ஏன்?"

"மகளுக்குத் தூக்கத்துல வலிப்பு வரும். அவிய லாரியில போயிருவாக. நான் நைட்டுக்கு வந்துட்டா பக்கத்து வீட்டுலதான் படுக்கப் போடணும். அவுக நல்லாத்தான் பாத்துக்கிடுதாக. இருந்தாலும் எனக்கு இங்க மேஜையில கண்ணு நிக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சிபாரிசு பண்ணுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள், இராஜபாளையத்துக்காரி. அந்தக் கேன்டீனில் கேட்ட சத்தத்தில் பாதி அவளுடையது. நான் தாளைக் கொடுத்துக் கேள்வியைச் சொல்லிவிட்டு, விதிப்படி வெளியே வந்தேன். மேனேஜர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கொஞ்ச நேரம் ஒரே கசகசப்பு, பிறகு சிரிப்பு, பிறகு அமைதி. எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாள்களைப் படிக்கும்போதே இரண்டு பக்கங்கள் என்னை நிறுத்தின. ஒன்றில் இப்படி இருந்தது: நான் வாய் அதிகம் பேசுவேன். ஆனால் என் கண் பேச்சோடு போகாது. இழை விட்டிருந்தால் என் கை தானாக நின்றுவிடும். யாராவது அழுதால் என் டிபன் பாக்ஸைத் திறந்து அவர்கள் முன்னால் வைத்துவிடுவேன். தப்பான ரோல் என் கையைத் தாண்டிப் போகாது. முதலாளியே வந்து நின்றாலும் போகாது.

அழகர்சாமிகூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரு டீச்சர் இந்தப் பொம்பள?" என்றார். அவர் அறையை விட்டு எழுந்து வந்து கேட்டதே விதிக்கு விரோதம்.

இன்னொரு பக்கத்தில் இப்படி: நான் எதிர்த்துப் பேச மாட்டேன். யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன். எனக்கென்று எதுவும் கேட்க மாட்டேன். யார் தப்புப் பண்ணினாலும் என் தப்பு என்று ஏற்றுக்கொள்வேன். நான் இருக்கிற இடமே தெரியாது.

யாரோ ஒரு பெண்ணை இப்படி மிதித்துப் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் மைனஸ் போடும்போது மனது கேட்கவில்லை. ஆனாலும் போட்டேன். அழகர்சாமியும் அதையேதான் போட்டிருந்தார். அபூர்வமாக அன்றைக்கு வாதாட்டமே இல்லை.

மடிப்பைப் பிரித்துப் பார்த்தால், முதல் மார்க் வாங்கிய பக்கம் பேச்சியம்மாள். கடைசி மார்க் ரெங்கநாயகி.

"சார், இது சரியா வரல. நான் அந்தப் பொண்ணுகிட்டப் பேசியிருக்கேன். அவ இப்படி மிதிபட்ட பொண்ணு இல்ல" என்றேன்.

"ஆளப் பாத்தீங்களா, தாளப் பாத்தீங்களா?"

"ரெண்டையும்தான்."

"நம்மள அளக்கச் சொன்னது தாள வச்சு. தாள்ல இருக்கா?"

இல்லை. ரிப்போர்ட் போயிற்று. ஒவ்வொருவர் எழுதியதிலிருந்தும் சில வரிகளை எடுத்துப் போட்டு, அழகாக டைப் பண்ணி அனுப்பினோம். கம்பெனி நோட்டீஸ் போர்டில் பேச்சியம்மாள் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு பேச்சியம்மாள் மையத்துக்கு வந்து நின்றாள். சந்தோஷத்தைச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு நியாயம் கேக்கணும் டீச்சரம்மா."

"என்ன நியாயம்? உனக்குத்தான் வேலை வந்தாச்சே."

"அதத்தான் கேக்கேன். எனக்கு எதுக்கு வந்துச்சு? ரெங்காவுக்கு நான் எம்புட்டு நல்லா எழுதுனேன். எதுத்துப் பேச மாட்டா, எதையும் கேக்க மாட்டா, இருக்க எடம் தெரியாதுன்னு ஒரு பக்கம் பூராவும் எழுதுனேன். ஒரு பொம்பளைக்கு இதுக்குமேல என்னத்த எழுத? அவளப் போயி கடைசியில தள்ளியிருக்கீக."

"நீ எழுதினியா? ரெங்கநாயகி தாளை நீயா எழுதின?"

"பொறவு? அவளுக்கு அவளேவா எழுதுவா?"

"தன்னைப் பத்தித் தான் எழுதணும்னுதானே சொன்னேன்."

"சொன்னீக. சொல்லிட்டு வெளிய போயிட்டீக. எங்களுக்கு ஒண்ணும் ஓடல. நான் நல்லவ, நான் வல்லவன்னு நம்ம கையால நாமளே எழுதுனா நல்லாவா இருக்கு? கூச்சமா இருக்காதா? கண்ணு பட்டுறாதா? சரி, ஆளுக்காளு பக்கத்துல இருக்கவளப் பத்தி எழுதிருவோம்னு தாள மாத்திக்கிட்டோம். அவளே சொல்லுற மாதிரி எழுதி, அவ பேரப் போட்டுட்டோம். கல்யாணத்துக்கு விசாரிக்கப் போனா பொண்ணுகிட்டயா கேக்காக? பக்கத்து வீட்டுலதான கேக்காக."

"அத்தனை பேருமா?"

"அம்புட்டுப் பேரும்தான்."

அவளோடு சண்டை போடுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. அந்த ரெங்கநாயகிக்கு இரவில் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு இந்த வேலை வேண்டும். அதைத் தெரிந்தே இவள் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த புகழ்ச்சியை எல்லாம் கொட்டி எழுதியிருக்கிறாள். நாங்கள் வரிக்கு வரி மைனஸ் போட்டிருக்கிறோம். முதலாளி கேட்ட ஆள், பேச்சியம்மாள் தாளில் முதலாளியே வந்து நின்றாலும் போகாது என்று எழுதிய ரெங்கநாயகிதான். அவள் கடைசியில் கிடக்கிறாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு அவர் வெந்நீர் குடிக்கவில்லை. தாள்களை எல்லாம் எடுத்து வரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அப்போ நாம அளந்தது தன்மதிப்பே இல்ல. பக்கத்துல இருக்கிறவ மேல அவங்க வச்சிருக்கிற மதிப்பு. எல்லாம் செல்லாது" என்றார். "ரிப்போர்ட்ட நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

நேர்மையான மனுசன். தன் கையெழுத்தைத் தானே வாபஸ் வாங்கப் புறப்பட்டுவிட்டார். ஆனால் முதலாளி விட்டால்தானே.

"தங்கமான ரிப்போர்ட் சார். நோட்டீஸும் போட்டாச்சு. இப்பப் போயி செல்லாதுங்கீகளே" என்றார். டாக்டர் விடாமல் பேசினார். எல்லோரையும் மறுபடி எழுத வைக்க வேண்டும் என்றார். ஷிப்டை நிறுத்த முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைசியில், முதலாக வந்தவளும் கடைசியாக வந்தவளும் மட்டும் அவர் அறையில், எங்கள் கண் முன்னால் மறுபடி எழுதட்டும் என்று முடிவானது.

இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். பேச்சியம்மாள் முதலாளி அறைக்குள் கால் வைத்ததுமே ஊமையாகிவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது, முதலாளி சொன்னால் சரி என்று இரண்டு வரி எழுதிவிட்டு நிமிரவே இல்லை.

ரெங்கநாயகி தாளைத் தொடவில்லை.

"எழுதும்மா" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி. நான் எழுதல."

"ஏன்?"

"எழுதச் சொன்னீக, எழுதுனோம். இப்ப செல்லாதுங்கீக. ஒரே ரோல ரெண்டு தடவ செக்கிங்குக்கு விட்டா கை பட்டே கறையாயிரும். தன்னப் பத்தித் தானே பெருசாச் சொல்றது எங்க வீட்டுல வழக்கமும் இல்ல. லைட் டேபிள்ல நான் பாத்து விட்டதுல எதாச்சும் திரும்பி வந்திருக்கான்னு பாருங்க. அத வச்சு எடுங்க. இது வேண்டாம்."

சத்தமில்லாமல், முதலாளியின் முகத்தைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்து அசையாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் தாளை மேஜையின் மறுபக்கம் தள்ளி வைத்தாள். இதைத்தானே ஐயா கேட்டீர்கள், இதோ நிற்கிறதே என்று முதலாளியைப் பார்த்தேன். அவர் எங்கள் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, போட்டிருக்கே. எதுத்துப் பேச மாட்டா, தலையக் குனிஞ்சுக்கிடுவான்னு. ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கு. ஒரு பக்கம் எழுதக்கூட தைரியம் இல்ல பாருங்க" என்றார். பிறகு அறையில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் தங்கள் வீட்டுப் பாஷையான தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். பேச்சியம்மாளே சூப்பர்வைசர் என்று முடிந்தது. ரெங்கநாயகி அன்றைக்கு நைட்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் கொதித்துப்போய்ப் பேசினேன்.

"மூஞ்சிக்கு நேரா சொன்னாளே சார். உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல? அதுக்கு என்ன மார்க்?"

டாக்டர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "தாள்ல இல்லையே கிரேஸ்" என்றார். முன்பெல்லாம் அவர் அதைக் கேள்வியாகக் கேட்பார். அன்றைக்குக் கேள்வியாகக் கேட்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விடவில்லை. மறுநாள் வேறு ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்து கிடந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி இருக்கிற தெருப் பக்கமே நான் போகவில்லை. ரெங்கநாயகியின் முகத்தைப் பார்க்க நேர்ந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேர் முடிந்து சில வாரம் இருக்கும். ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு. பேச்சியம்மாள். கையில் ஒரு பால்கோவா பொட்டலம், வாய் நிறையச் சிரிப்பு.

"ரெங்கா வீட்டுக்கு வந்தேன் டீச்சரம்மா. அவ மகள ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவலாம்னு."

"எப்படி இருக்கா?"

"யாரு, மகளா? ஆத்தாகாரி பக்கத்துலயே படுத்துக்கிடுதா. நைட்டுல ரெண்டு தடவ வலிப்பு வந்துச்சாம், கூடவே இருந்து பாத்துக்கிட்டாளாம்."

"பக்கத்துலயா? ரெங்கநாயகி நைட் ஷிப்ட்லதானே இருக்கா?"

"அது பெரிய கதை டீச்சரம்மா."

அவள் சொன்னது இதுதான். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு ஒன்று. ராத்திரி ஷிப்டில் ரெங்கநாயகி சில ரோல்களை இழை விட்டிருக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலையில் மேனேஜர் அவற்றை நல்ல ரோல்களோடு சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு, பேச்சியம்மாளிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். லாரி வாசலில் நிற்கிறது. இவள் தயங்கியதும் முதலாளியே இறங்கி வந்துவிட்டார்.

"எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுச்சு டீச்சரம்மா. என்னயத்தான் உங்களுக்குத் தெரியும்ல, முதலாளி நிழலப் பாத்தாலே எனக்குப் பேச்சு வராது. போட்டுத் தொலைச்சுருவோம்னு பேனாவக்கூட எடுத்துட்டேன். அப்பத்தான் அந்தத் தாளு நெனப்புக்கு வந்துச்சு. அன்னைக்கு கேன்டீன்ல ரெங்கா என்னப் பத்தி எழுதி முடிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுனா. தப்பான ரோலு என் கையத் தாண்டிப் போகாது, முதலாளியே வந்து நின்னாலும் போகாதுன்னு. என் பேரப் போட்டு எழுதியிருக்கா. அத முதலாளியும் படிச்சிருக்காக. பொறவு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

"என்ன சொன்ன?"

"போகாது முதலாளின்னேன். அம்புட்டுத்தான் வந்துச்சு. அவுக மொறைச்சாக. மறுபடியும் போகாதுன்னேன். லாரி வாசல்லயே நின்னுபோச்சு. ரோல பிரிச்சு மேஜையில ஓட விட்டா, ரெங்கா சொன்ன எடத்துல எல்லாம் ஓட்டை. வந்த தைரியம் போறதுக்குள்ள இதையும் சொல்லிருவோம்னு, ரெங்காவ எங்கூட ஜெனரல்ல போடுங்க, அவ பாத்துச் சொல்லாம இனிமே நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். அடுத்த வாரமே போட்டுட்டாக."

முதலாளி அறையில் இரண்டு வரி எழுதிவிட்டுத் தலை நிமிராமல் இருந்தவள் இவள்தான். ரெங்கநாயகி அவளைப் பற்றிப் பொய் எழுதவில்லை. பக்கத்தில் நின்று, மேஜையில் துணியைப் பார்க்கிற மாதிரி, அவளுக்கே தெரியாததைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"நான் ஒண்ணும் அப்படிப்பட்ட ஆளு இல்ல டீச்சரம்மா" என்றாள் பேச்சியம்மாள். "ஆனா எழுதிட்டாளே. அவ எழுத்தப் பொய்யாக்க முடியுமா?"

இராஜபாளையம் பஸ் வந்தது. நெரிசலில் முண்டியடித்து ஏறி ஜன்னலோரத்தில் இடம் பிடித்துவிட்டாள். பஸ் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"டீச்சரம்மா, ரெங்காவப் பத்தி நான் எழுதுனேன்ல, அதுக்கு இன்னும் கொஞ்சம் மார்க்காச்சும் சேத்துப் போடுங்க. மனசாரத்தான் எழுதுனேன்."

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள்ல இருக்கா என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்து வரச் சொல்லி, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எதையும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவை இப்போதும் மையத்து அலமாரியில்தான் இருக்கும். ஒன்று முதல் மார்க், ஒன்று கடைசி மார்க்.

நித்யா, சுருக்கமாகக் கேட்டாய், எனக்கு இப்படித்தான் எழுத வந்தது. அந்த இரண்டு தாளையும் எடுத்துப் போட்டோ பிடித்து உன் சாப்ட்வேருக்குள் விட்டுப் பார். பேச்சியம்மாள் கேட்ட மார்க்கைப் போடுவதற்கு அதில் எங்கேயாவது இடம் இருந்தால் எனக்கு ஒரு போன் பண்ணு.